வெள்ளோட்டம்

"மதகைத் திறக்க உடுங்க சாமி! கதிரு பால் புடிக்கிற நேரம். தண்ணி இல்லீன்னா அத்தனையும் பதராப் போயிருமுங்க!" குத்தகைக்காரன் சடையன் மிட்டாதாரின் காலில் விழுந்தான்.

ஏரிக்கும் நிலத்துக்கும் சொந்தக்காரரான மிட்டாதார் இளகவில்லை. ஊரையே வாங்கக்கூடிய பணத்தைக் கொடுத்து, சென்னையிலிருந்து அவர் வரவழைத்த உல்லாசப் படகு ஏரியில் மிதந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை கலெக்டர் துரை அதில் ஏறப்போகிறார். மிட்டாதார் ஏங்கிய ராவ்பகதூர் பட்டம் துரையின் கையில் இருந்தது.

"தண்ணி எறங்குனாப் படகு தரை தட்டும்டா. தொரை போனப்புறம் வா!"

மறுநாள் விடிந்ததும் ஏரிக்கரையில் ஒரே கூக்குரல். சடையனின் வேட்டியும் துண்டும் கரையில் கிடந்தன. "போய்ட்டீங்களே மாமா! தண்ணியில உழுந்துட்டீங்களே!" என்று மார்பில் அடித்துக்கொண்டாள் அவன் மனைவி அத்தாயி.

பகல் முழுவதும் முக்குளித்தும் பிணம் கிடைக்கவில்லை.

"பொணம் கெடக்கிற ஏரியில நாங்க படகு தள்ள மாட்டமுங்க" என்று துடுப்பைக் கீழே போட்டார்கள் படகுக்காரர்கள். "ஏரியை வடிச்சுத்தானுங்க எடுக்கோணும். அதுதான் வழக்கம்."

துரையின் படகுக்குப் பக்கத்தில் பிணம் மிதந்து வருவதுபோல நினைத்துப் பார்த்தார் மிட்டாதார். உடனே துரையின் வருகையைத் தள்ளிவைக்கச் சொல்லித் தந்தி கொடுத்தார்.

"தொறந்து தொலைங்கடா மதகை!"

மூன்றாம் நாள், படகு சேற்றில் சாய்ந்து கிடந்தது. பிணம் மட்டும் இல்லை.

மிட்டாதார் திகைத்து நிற்கையில், வயல் பக்கமிருந்து ஒருவன் கரையேறி வந்தான். தோளில் மண்வெட்டி, முழங்கால்வரை ஈரச் சேறு. சடையன்!

"கடைசி வயல் வரைக்கும் பாஞ்சிருச்சுங்க சாமி" என்றான் பணிவாக. "இனி மதகை மூடிக்கலாமுங்க."