செத்துக் கிடந்தபடி பெண் கேட்டது

நாட்டுக்காக உயிரை விட்டுவிட்டு ஈரப்புல்லில் மல்லாந்து கிடந்தேன்.

பக்கத்தில், நான் சுட்டு வீழ்த்திய துருக்கிச் சிப்பாய். தோப்ரின் மாமா. என் காதலி ராலித்சாவின் அப்பா. உயிரோடு இருக்கும்போது என்னோடு பேசுவதில்லை.

துருக்கி ஆட்சியை எதிர்த்துப் பல்கேரியர்கள் நடத்திய ஏப்ரல் எழுச்சியை மே மாதத்தில் நடித்துக் காட்டுவது எங்கள் ஊர் வழக்கம். பழைய காலண்டர் மாறியதில் தேதி தள்ளிப்போய்விட்டதாம். புரட்சிக்காரனாக நடிக்க ஊரே அடித்துக்கொள்ளும். துருக்கியனாக நிற்க ஒரு பயல் வரமாட்டான். சீட்டுக் குலுக்கித்தான் போடுவார்கள். இந்த வருடம் அது மாமாவுக்கு விழுந்தது. காலையிலிருந்தே மனிதர் கொதித்துக்கொண்டிருந்தார்.

மேயர் பேசி முடிக்கும்வரை செத்தவர்கள் அசையக்கூடாது. டிவிக்காரர்கள் வேறு வந்திருந்தார்கள். இதை விட்டால் அவரைக் கை கால் ஆட்டாமல் எப்போது பிடிப்பது?

"மாமா, ராலித்சாவ எனக்குக் கட்டிக் குடுங்க."

"செத்தவன் வாய மூடிட்டுக் கிட," என்றார், உதடு அசையாமல். "ஜெர்மனியில கோழி உரிக்கிறவனுக்கு எம் பொண்ணா? எந்திரிச்சேன்னா நெசமாவே கொன்னுருவேன்."

"ஐந்நூறு ஆண்டு அடிமை நுகம்!" என்று மைக்கில் முழங்கினார் மேயர். பல்கேரியச் சிங்கம் விழித்தெழுந்தது. போன வருடமும் அது இதே இடத்தில்தான் விழித்தது. என் காதுக்குள் ஓர் எறும்பு நுழைந்தது.

அப்போது குளம்புச் சத்தம் கேட்டது. அந்தக் காலத்தில் புரட்சிக்கொடி தைத்த டீச்சரம்மா வேடத்தில் ராலித்சா குதிரையில் வந்தாள். கையில் சிங்கம் போட்ட கொடி. கூட்டம் போட்ட கூச்சலில் குதிரை மிரண்டு ஒரு சுற்றுச் சுற்றியது.

குதிரை வேண்டாம் என்று அவளிடம் எவ்வளவோ சொன்னேன். வேடத்தை விட்டுக்கொடுத்தால் ஊர் காரணம் கேட்கும் என்று பிடிவாதம் பிடித்துவிட்டாள்.

"மாமா," என்றேன். மிச்சத்தையும் சொல்லிவிட்டேன்.

"நமக்காக மாண்டவர்கள் இனி எழுந்து வரப்போவதில்லை," என்று மேயர் தழுதழுத்தார்.

துருக்கிச் சிப்பாய் எழுந்தார்.

கொல்லப்போகிறார் என்று கண்ணை இறுக்கிக்கொண்டேன். அவர் என்னைத் தாண்டிக் குதித்து ஓடினார். தொப்பி ஒரு பக்கம், வாள் ஒரு பக்கம் பறந்தது. மேடைக்கு முன்னால் பாய்ந்து கடிவாளத்தைப் பிடித்தார். கொடியில் கைவைக்கிறான் துருக்கியன் என்று கூட்டம் ஊளையிட்டது. எவளோ ஒருத்தி குடையால் முதுகில் நாலு சாத்து சாத்தினாள். அவருக்கு உறைக்கவே இல்லை.

"வாயும் வயிறுமா இருக்கிறவள எவன்டா குதிரையில ஏத்துனான்!"

மேயரின் மைக் அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனது. கேமராக்கள் எல்லாம் அவள் பக்கம் திரும்பின. அடப்பாவி மனுஷா, டிவியில் வேறு!

ராலித்சா முகம் சிவந்து உட்கார்ந்திருந்தாள். மாமா குனிந்து தோளைக் கொடுத்தார். மெதுவா தாயி, மெதுவா என்றார். அவள் பாரம் தாங்காமல் அவருக்குக் கால் தடுமாறியது. திரும்பி, புல்வெளியைப் பார்த்துக் கத்தினார்.

"செத்தது போதும்டா. வந்து உம் பொண்டாட்டியப் புடி!"