செருப்பு வீசும் பூதம்

“காப்பி. அப்பட்டமான காப்பி” என்றார் குராஹாஷி, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி.

ஒசாகாவில் பதினொரு பேரை வைத்து வீடியோ கேம் கம்பெனி நடத்துபவர். எதிரே, அவருக்குப் படம் வரையும் ஹோரி தலைகுனிந்து நின்றாள். மேசைமேல் இரண்டு டிவிகள். ஒன்றில் அவர்கள் வசந்தத்தில் வெளியிட்ட கேம், இன்னொன்றில் எதிர்க் கம்பெனி போன வாரம் வெளியிட்டது. இரண்டிலும் ஒரு மொட்டைப் பூதம் இடது புருவத்தை மட்டும் தூக்கியது, செருப்பை மூன்று முறை தட்டியது, பிறகு வீசியது.

“தலை நம்மது, புருவம் நம்மது, செருப்பும் நம்மது. வயித்துல குளிருக்குக் கட்டுற மஞ்சள் கம்பளிப் பட்டியைச் சுத்தி, இடது பக்கம் சிவப்பா ஒரு ஒட்டுப் போட்டுட்டா சொந்தச் சரக்கு ஆயிடுமா?”

“ஒரே யோசனை ரெண்டு பேருக்கு வரலாமே, முதலாளி. நம்ம கேம்ல வர்ற ஏணி மட்டும் எங்கேருந்து வந்துச்சு?”

“ஏணி ஊர்ச் சொத்து, எல்லா கேம்லயும் இருக்கு. பூதம் நம்ம சொத்து. வரைஞ்சவன் யாரு?”

“கேம் முடியும்போது பேர் ஓடுது. ‘முள்ளங்கி’ன்னு.”

“நிஜப் பேரு?”

“யாரும் போடுறதில்லையே. நிஜப் பேரைப் போட்டா வேற கம்பெனிக்காரங்க ஆளைக் கொத்திட்டுப் போயிடுவாங்கன்னு நீங்கதானே எங்களுக்கும் புனைபேர் வைக்கச் சொன்னீங்க.”

குராஹாஷி டப்பாவைப் பார்த்து முகம் சுளித்தார். “இன்னைக்கும் வெறும் சோறும் முள்ளங்கி ஊறுகாயும்தான். வீட்டம்மாவுக்குப் பூ அலங்கார வகுப்பு நாள். சரி, மூணு மணிக்கு வக்கீல் வர்றார். பூதத்தை முதல்ல வரைஞ்ச தாளைக் கேட்கிறார், தேதியோட. எடுத்துட்டு வா.”

ஹோரி நகரவில்லை. “அது தொலைஞ்சுபோச்சு, முதலாளி.”

“தொலைஞ்சுதா? இல்ல, நீயும் எங்கேயோ பார்த்துக் காப்பி அடிச்சதா?”

“பார்த்துதான் வரைஞ்சேன். ஆனா எந்தக் கேமையும் பார்த்து இல்ல.”

“தாள் வரணும். வரலேன்னா நாளையிலேருந்து நீ வர வேண்டாம்.” காலில் இருந்த ஆபீஸ் செருப்பைக் கழற்றி மேசையில் மூன்று முறை தட்டினார்.

ஹோரி போய் ஒரு பழைய நோட்டை எடுத்து வந்தாள். பக்கத்தைப் பிரித்து இரண்டு கையாலும் நீட்டி, இடுப்பு வரை குனிந்தாள்.

பென்சில் படம். மொட்டைத் தலை, தூக்கிய இடது புருவம், கழுத்தில் டை, கையில் செருப்பு. கீழே தேதி. பக்கத்தில் பொடி எழுத்தில், ‘திங்கட்கிழமைக் கூட்டத்தில் முதலாளி’.

ஹோரி நிமிரவேயில்லை. “மன்னிச்சிடுங்க. மேசையைக் காலி பண்ணிடறேன்.”

குராஹாஷி நோட்டைப் பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி நோட்டைப் பார்த்தார்.

“இதுல பட்டி இல்லையே.”

“ஆபீஸ்ல நீங்க அப்படி எதுவும் கட்டி நான் பார்த்ததில்லையே, முதலாளி.”

“தூங்கும்போது மட்டும்தான் கட்டுவேன். அந்தச் சிவப்பு ஒட்டு வீட்டம்மா தைச்சது” என்றார். குரல் இறங்கியிருந்தது. வாய்க்குப் போன முள்ளங்கித் துண்டைத் திரும்ப டப்பாவிலேயே வைத்தார்.

“வக்கீலை வர வேண்டாம்னு சொல்லிடு, ஹோரி. அவ ஒரு வருஷமா பூ அலங்கார வகுப்புக்குப் போறா, வீட்டுக்கு இதுவரைக்கும் ஒரு பூகூட வந்ததில்ல.”