ஆண்டு இல்லாத துண்டு

துண்டில் எல்லாம் இருந்தது, ஆண்டு மட்டும் இல்லை.

எங்கள் அகராதிக்காக ஊர் ஊராகப் பலர் பழைய நூல்களைப் படித்து, ஒரு சொல் வருகிற வரியைத் துண்டுத்தாளில் எழுதி அனுப்புவார்கள். விட்பி ஊர்த் திருமதி டன்னிக்ளிஃப் அப்படி எழுதவில்லை. புத்தகத்தையே கத்தரித்து, அந்த வரியை ஒட்டி அனுப்பியிருந்தார்.

முந்நூறு வருஷத்துப் புத்தகம்! கை எப்படித்தான் வந்ததோ பாவி மனுஷிக்கு.

அவர் அனுப்பிய ஆங்கிலச் சொல், ‘டோம்’ (tome). கனத்த புத்தகம் என்று பொருள். தன் புத்தகத்தை யாரும் அப்படிச் சொல்வதில்லை. அடுத்தவருடையதைத்தான் அலுத்துக்கொண்டு சொல்வார்கள். வெட்டு என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. பெரிய நூலில் வெட்டிய ஒரு பகுதிக்குப் பெயராக இருந்து, பிறகு தானே பருத்துவிட்டது.

அம்மாள் கத்தரித்த நூல் நாலு முறை அச்சானது. இது முதல் பதிப்பென்றால், லண்டன் அகராதிக்காரர்கள் காட்டிய வரியைவிட எங்களுடையது பழையது.

“பன்னண்டு மணிக்கு அச்சகத்து வண்டி வந்துடும், பெவிஸ். ஆண்டு இல்லன்னா அந்த வரி கிடையாது. நீங்களும் பழையபடி உறை பிரிக்கிற மேசைக்கே போயிடலாம்,” என்றார் ஆசிரியர் லவிபாண்ட், தேநீரைக் கலக்கியபடி.

நேற்றே ஆண்டைக் கேட்டு விட்பிக்கு மூன்று தந்தி அடித்துவிட்டேன். அம்மாள் பதில் போடவில்லை, புத்தகத்தையே ரயிலில் ஏற்றிவிட்டார். பதினொன்றே முக்காலுக்குப் பொட்டலம் வந்தது. முடிச்சு அவிழவில்லை. என் மேசைக் கத்தரிக்கோலால் கயிற்றை வெட்டினேன்.

முகப்புத் தாளைப் புரட்டினேன். ஆண்டு இருக்கவேண்டிய அடிப்பகுதியையே காணோம். நேர்கோடு பிடித்தாற்போல் வெட்டியிருந்தது.

நான் வைத வசவில் பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்தார். இந்தம்மாளுக்குக் கத்தரிக்கோல் வாங்கிக்கொடுத்தவன் நாசமாய்ப் போக!

உள்ளே ஒரு கடிதம் இருந்தது.

‘ஐயா, ஆண்டு அங்கேதான் இருந்தது. புத்தக வியாபாரி என்ற சொல்லுக்காக நீங்கள் முன்பொருமுறை இந்த நூலை இரவல் வாங்கினீர்கள். திரும்பி வந்தபோது, முகப்பின் அடியில் வியாபாரி பெயரும் ஆண்டும் சேர்ந்திருந்த அந்த வரி இல்லை. வெட்டி ஒட்டுவதுதான் உங்கள் வழக்கம் போலிருக்கிறது என்று நானும் அப்படியே செய்தேன். உங்கள் ஆவணத்தில் அந்தத் துண்டு பத்திரமாக இருக்குமே? யாரிடம் கேட்பது என்று தெரிவதற்காக, அப்போது வந்த நன்றிக் கடிதத்தையும் வைத்திருக்கிறேன்.’

அந்தச் சொல் அச்சான குளிர்காலமே, அச்சேறாமல் மிஞ்சிய துண்டுகளையெல்லாம் கணப்பு நெருப்பில் போட்டாயிற்று.

வாசலில் வண்டி வந்து நின்றது.

நன்றிக் கடிதத்தைப் பிரித்தேன். கையெழுத்து என்னுடையது.