கண்ணிச் சொல்

“மாட்டிக்கிட்டான், மாப்பிள்ளை! நூத்திப் பன்னிரண்டாம் பக்கம். நீயே பாரு.”

பதிப்பாசிரியர் புத்தகத்தை மேசையின் அந்தப் பக்கம் தள்ளினார். எதிரே உட்கார்ந்திருந்தவர் அவருடைய மனைவியின் தம்பி. வக்கீல். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வாய்விட்டுப் படித்தார்.

“டிராகிள். வேலைக்குக் கூப்பிடும்போது தூங்குவதுபோல் நடிப்பவன். துறைமுகத் தொழிலாளர் வழக்கு. அப்படி நடித்தே காலம் தள்ளிய ஒருவனின் பெயரிலிருந்து வந்தது. நல்ல சொல்லா இருக்கே மச்சான்! அக்கா பாத்திரம் தேய்க்கக் கூப்பிட்டா நீங்க ஆகிறது இதுதானே?”

“கிண்டலை அப்புறம் வச்சுக்க. ஆங்கிலத்துல அப்படி ஒரு சொல்லே கிடையாது!”

வக்கீல் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

ஆங்கிலக் கொச்சைச் சொற்களுக்குப் பொருளும் பிறந்த கதையும் சொல்லும் தமிழ் அகராதி சந்தையில் இரண்டுதான். ஒன்று பதிப்பாசிரியருடையது. மற்றது அவரை விட்டுப் பிரிந்துபோன பழைய கூட்டாளியுடையது. பிரிந்து ஒன்பது வருடம் ஆகிறது. அவன் தன் அகராதியைப் பார்த்துத்தான் எழுதுகிறான் என்பது பதிப்பாசிரியருக்கு அன்றிலிருந்தே சந்தேகம். நிரூபிக்கத்தான் வழியில்லை.

“ஓகேங்கிற சொல் எப்படி வந்துச்சுன்னு நானும் எழுதுவேன், அவனும் எழுதுவான். பத்திரிகைக்காரங்க வேணும்னே தப்பும் தவறுமா எழுதி விளையாடினதுல வந்துச்சுன்னு ரெண்டு பேரும் சொல்லுவோம். உண்மை எல்லாருக்கும் பொது. அதை வச்சு யாரைப் பிடிக்க முடியும்? ஆனா பொய் எனக்கு மட்டும்தானே சொந்தம்?”

“புரியல.”

“அகராதிக்காரங்க சில பேர் செய்யிற வேலைதான். ஆயிரம் நிஜச் சொல்லுக்கு நடுவுல ஒரு பொய்ச் சொல்லைச் சொருகி வைப்போம். திருடறவன் அதையும் சேர்த்து அள்ளிக்கிட்டுப் போவான். ரெண்டு வருஷம் முன்னாடி வச்சேன். நேத்துதான் அவனோட புதுப் பதிப்பு வந்துச்சு. ஒன்பது வருஷமா அவன் புத்தகம் எதையும் இந்தக் கட்டடத்துக்குள்ள விட்டதில்ல. இதை மட்டும் காசு கொடுத்து வாங்கினேன். பிரிச்சதும் பல்லை இளிக்குது, டிராகிள்!”

வக்கீலுக்கும் சூடு பிடித்தது. “விற்பனைக்குத் தடை வாங்கிடலாம். அச்சடிச்சது அத்தனையும் கிடங்குலயே கிடக்கும். அவர் கடையைச் சாத்திக்கிட்டுப் போக வேண்டியதுதான். ஆனா ஒண்ணு. அந்தச் சொல்லை இட்டுக்கட்டினவர் கோர்ட்டுக்கு வந்து, நான்தான்னு சொல்லணும். யாரு அது?”

“நம்ம ஓகேதான்.”

உதவி ஆசிரியனுக்கு அலுவலகம் வைத்த பெயர் அது. முப்பது வயதிருக்கும். எதைச் சொன்னாலும் அவனிடமிருந்து வருவது அந்த ஒரு சொல்தான். கூப்பிட்டதும் வந்தான். விரலில் சிவப்பு மை ஒட்டியிருந்தது. பதிப்பாசிரியர் விஷயத்தைச் சொன்னார். பக்கத்தைக் காட்டினார். வழக்கமான பதிலுக்குக் காத்திருந்தார்.

“முடியாது சார்.”

பதிப்பாசிரியர் தன் காதையே நம்பவில்லை.

“கோர்ட்டுன்னா பயமா?”

“இல்ல சார்.”

“அவன் உனக்கு வேலை தர்றேன்னு ஏதாவது ஆசை காட்டினானா?”

“இல்ல சார்.”

“அப்புறம் என்னய்யா? ஒன்பது வருஷம் கழிச்சு இன்னைக்குத்தான் அவன் என் கையில சிக்கியிருக்கான். நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். சொல்ல மாட்டேன்னா நாளையிலிருந்து இங்க வராதே!”

“ஓகே சார்.”

அவன் வாசலை நோக்கித் திரும்பினான். வக்கீல்தான் எழுந்துபோய் மறித்தார்.

“தம்பி, கொஞ்சம் இருங்க. வேலையே போகுதுங்கிறார். காரணத்தையாவது சொல்லிட்டுப் போங்க.”

“கூண்டுல ஏத்தி, இந்தச் சொல்லை நீதான் உருவாக்கினியான்னு கேப்பாங்க இல்லையா சார்?”

“கேப்பாங்க.”

“நான் உருவாக்கல.”

“பின்ன இது எங்கிருந்து வந்துச்சு?” என்றார் வக்கீல்.

“ரெண்டு வருஷம் முன்னாடி, சாயங்காலம் பக்கமெல்லாம் அச்சுக்குப் போகுது, அதுக்குள்ள ஒரு பொய்ச் சொல் வேணும்னு சார் கேட்டார். என் மனைவி இறந்து அன்னைக்கு ஒன்பதாம் நாள்.”

பதிப்பாசிரியரின் குரல் இறங்கியது. “உன் நினைப்பு கொஞ்ச நேரம் வேற பக்கம் திரும்பட்டுமேன்னுதாம்பா அந்த வேலையை உன்கிட்ட கொடுத்தேன்.”

“தெரியும் சார். மத்தியானம் வரைக்கும் பேனாவைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒண்ணும் தோணல. எழுந்து நூலகத்துக்குப் போனேன். அங்க ஒரு புத்தகத்துல இது இருந்துச்சு. அங்க இருந்த மத்த அகராதியெல்லாம் புரட்டினேன். எதுலயும் இல்ல. இது போதும்னு அப்படியே எழுதிக் கொடுத்துட்டேன்.”

“அது என்ன புத்தகம்?” என்றார் வக்கீல்.

அவன் மேசையைக் காட்டினான்.

“இதோட முதல் பதிப்பு.”

பதிப்பாசிரியர் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் நோட்டீஸ் எழுத எடுத்திருந்த தாளை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

“மச்சான், இது நீங்க வச்ச கண்ணி இல்ல, அவர் வச்சது. உங்க புத்தகத்தை அவர் இன்னும் காசு கொடுத்து வாங்கலன்னு வேண்டிக்கங்க.”