சத்தமில்லாத கேமரா

"அவளுக்குத் துளிகூடத் தெரியக் கூடாது. தெரிஞ்சா மூஞ்சியை மூடிக்குவா. நான் பார்த்துக்கறேன், நீ போனை வை."

பாதி திறந்த கண்ணாடிக் கதவில் நின்று பேசிக்கொண்டிருந்தவன், நேராகக் கேமரா கவுண்டருக்கு வந்தான். அங்கே நின்ற விற்பனைப் பெண்ணுக்கு அந்தப் பேச்சு காதில் விழுந்துவிட்டது.

"போட்டோவும் எடுக்கணும், வீடியோவும் எடுக்கணும். ஒரே கேமராவுல. எது நல்லதுன்னு சொல்லுங்கம்மா."

அவள் இரண்டை எடுத்து வைத்தாள்.

"இது போட்டோவுக்கு அருமையா இருக்கும் சார். ஆனா வீடியோ கொஞ்ச நேரம் ஓடினா சூடாகி நின்னுடும். அது ரெண்டுக்கும் சரிவரும். கையில பிடிச்சு எடுத்தாலும் ஆடாது."

"ரூமுக்குள்ள வெளிச்சம் கம்மி. நான் ஜன்னலுக்கு வெளியே நின்னு எடுக்கணும். முகம் தெளிவா விழுமா?"

"விழும்."

"கிளிக்னு ஒரு சத்தம் வருமே, அதை நிறுத்தலாமா?"

"ரெண்டாவதுல நிறுத்தலாம்."

"வீடியோ ஓடும்போது முன்னாடி சிவப்பா ஒரு லைட் எரியுமே?"

"அதை அணைக்க முடியாது சார்."

வாய் கூசாமல் பொய் சொன்னாள். மெனுவில் போய் ஒரு தட்டுத் தட்டினால் அணைந்துவிடும் விளக்கு அது.

"அடடா, அதுதானே முக்கியம்!" என்று அவன் நாடியைச் சொறிந்தான். பிறகு முதல் கேமராவை எடுத்து அதன் முன்பக்கத்தைத் துழாவ ஆரம்பித்தான்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. போன வருஷம் பஸ்ஸில் வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்த அவளை எவனோ படம் எடுத்துப் பரப்பிவிட்டான். கடையில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிலிருந்து சொந்த அக்கா கல்யாணத்தில்கூட அவள் கேமரா முன்னால் நிற்கவில்லை.

"பேட்டரி மாத்திட்டு வரேன் சார்" என்று இரண்டாவது கேமராவைத் தூக்கிக்கொண்டு பில் போடும் அக்காவிடம் போனாள்.

"என்னடி வாயில்லாப்பூச்சி, மூஞ்சி இப்படிச் சிவந்து கிடக்கு?"

"அந்த ஆளுக்கு விக்கவே கூடாதுக்கா. ஜன்னல் வழியா யாரோ ஒரு பொண்ணைத் திருட்டுத்தனமா எடுக்கப் போறான். அவன் வாயாலேயே சொல்றான்!"

"எதுக்குன்னு கேட்டியா?"

"கேக்க வேற வேணுமா? சத்தம் வரக் கூடாதாம், லைட் எரியக் கூடாதாம். இதெல்லாம் ஒரு பொழப்பா?"

"நாம விக்கலேன்னா அடுத்த கடையில வாங்கிட்டுப் போறான்."

"எப்படி வாங்கறான்னு நானும் பார்க்கறேன்!"

ஸ்டாண்டுகள் அடுக்கியிருந்த மூலைக்குப் பின்னால் போய் நின்றாள். கேமராவின் சத்தத்தை நிறுத்தினாள். விளக்கை அணைத்தாள். அவன் முகத்தை நேராக, பக்கவாட்டில், கிட்டத்தில் என்று எடுத்தாள். வீடியோவும் கொஞ்சம் எடுத்தாள். ஒரு படத்தைப் போனுக்கு மாற்றி, ஊரிலுள்ள கேமராக் கடைக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குரூப்பில் போட்டாள்.

'சொல்லாமல் பெண்களைப் படம் எடுப்பவன். வந்தால் விரட்டுங்கள்.'

போன் அதிர ஆரம்பித்தது.

'கையோட போலீஸ்ல பிடிச்சுக் குடுங்க.'

'இந்த மூஞ்சியை எங்க தெருவுலகூடப் பார்த்திருக்கேன். அப்பவே சந்தேகம்.'

'சபாஷ் தங்கச்சி!'

அவளுக்கு வயிறு குளிர்ந்தது. லைட்டுக்காக அவனே வேண்டாமென்று போய்விடுவான் என்று கேமராவைக் கொண்டுபோய் அவன் முன்னால் வைத்தாள். வைத்த பிறகுதான், எடுத்த படங்களை அதிலிருந்து அழிக்கவில்லை என்பது உறைத்தது.

அதற்குள் அவன் கையிலெடுத்து ஒரு பொத்தானை அழுத்தியிருந்தான். திரையில் அவனே நாடியைச் சொறிந்துகொண்டு நின்றான்.

"நானா இது?"

அவள் கேமராவை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

அவன் இன்னும் நாலைந்து படங்களைத் தள்ளிப் பார்த்தான். வீடியோவையும் ஓட விட்டான். நிமிர்ந்தபோது அவன் முகமெல்லாம் பல்லாக இருந்தது.

"எப்பம்மா எடுத்தீங்க? ஒண்ணுமே தெரியலையே! அப்போ அந்த லைட்டை அணைக்கலாமா?"

"அணைக்கலாம் சார்."

"சும்மா சொன்னா நம்ப மாட்டான்னு எடுத்தே காட்டிட்டீங்க. இதையே பில் போடுங்கம்மா."

பில் போடும் அக்கா சட்டென்று கேட்டாள். "யாரை சார் எடுக்கப் போறீங்க?"

"எம்பொண்ணைத்தாங்க. ஏழு வயசு. வெளியாளுங்க எதிர்ல வாயே திறக்க மாட்டா. ஸ்கூல்ல ஒரு வார்த்தை கிடையாது. ஆனா ரூமுக்குள்ள பொம்மைங்களை வரிசையா உட்கார வெச்சு அவ பாடம் நடத்தறதைக் கேக்கணுமே! அதட்டல் என்ன, மிரட்டல் என்ன! பேச்சுப் பயிற்சி குடுக்கற டீச்சரம்மா, அதைப் பார்த்தாத்தான் அடுத்து என்ன செய்யறதுன்னு சொல்ல முடியும்னாங்க. எங்க? போனைத் தூக்கினாலே கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கறா."

சொல்லிவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"சிரிச்ச மாதிரி ஒரு போட்டோகூட எங்ககிட்ட இல்லைங்க."

கேமராப் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் படியிறங்கிப் போனார். மேஜையில் இருந்த அவள் போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது.

அவள் குரூப்பிலிருந்து அவர் படத்தை அழித்தாள். அலமாரியிலிருந்து வேறொரு கேமராவை எடுத்து, அதன் திரையைத் தன் பக்கம் திருப்பினாள். சத்தத்தை நிறுத்தாமலே தன் முகத்தைப் படம் எடுத்தாள். அந்தப் படத்தைக் குரூப்பில் போட்டு, கீழே எழுதினாள்:

'அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. சொல்லாமல் படம் எடுத்தது இவள்.'

எழுதி, அனுப்பினாள்.