கீரியின் வால்

கம்ப்யூட்டர் திரைக்குள் ஒரு கீரி உட்கார்ந்திருந்தது. அதை உருவாக்கிய ரெஜினா, அதே அளவில் துணியிலும் ஒரு கீரி தைத்தாள். கை, கால், வாலை இஷ்டப்படி வளைக்க உள்ளே கம்பி வைத்தாள்.

ஆனால் மேஜையில் உட்கார வைத்தால், விறைப்பான வால் முட்டி, துணிக்கீரி குப்புற விழுந்தது. மூன்று தடவை வைத்துப் பார்த்தும் அப்படியே.

"என்னைப் பாரு, எவ்வளவு ஜம்முன்னு உட்கார்ந்திருக்கேன்!" என்றது திரைக்கீரி.

"உன் வால் திரையில இருக்கிற தரைக்குள்ளே புதைஞ்சு கிடக்கு. எனக்கு இந்த மேஜை அப்படி வழி விட மாட்டேங்குதே," என்றது துணிக்கீரி.

திரைக்கீரி குனிந்து பார்த்தது. அதுவரை அது தன் வாலைப் பார்த்ததே இல்லை.

ரெஜினா கத்தரிக்கோல் எடுக்க எழுந்து போனாள்.

"ஐயோ, என் வாலை வெட்டப் போறா!" என்று அலறியது துணிக்கீரி.

"உனக்குத்தான் உள்ளே கம்பி இருக்கே, சுருட்டிக்கோ!" என்று கத்தியது திரைக்கீரி.

துணிக்கீரி தம் பிடித்து, வாலைக் காலைச் சுற்றி வளைத்துக்கொண்டு உட்கார்ந்தது. விழவில்லை.

திரும்பி வந்த ரெஜினா அதையே சற்று நேரம் பார்த்தாள். கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். பிறகு கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, திரைக்கீரியின் வாலையும் தரைக்கு மேலே எடுத்து அதே மாதிரி வளைத்தாள்.

"எப்படி இருக்கு?" என்று கேட்டது துணிக்கீரி.

"இப்பத்தான் நிஜமா உட்கார்ந்திருக்கேன்," என்றது திரைக்கீரி.