ஐந்தாவது கண்ணாடி

"கூரைக் கண்ணாடியை எடுத்துட்டு ஓடு போட்டு மூடிடலாம்னு சொன்னா, கொலைக் குத்தம் பண்ணின மாதிரி பார்க்கிறீங்களே மேடம்."

வீட்டுக்காரர் கேட்டதில் நியாயம் இருக்கத்தான் செய்தது. பாரம்பரியச் சின்னம் என்று அரசு பாதுகாக்கும் பழைய வீடு. ஆணி அடிக்கக்கூட அனுமதி வாங்க வேண்டும். முன்பக்கக் கூரையில் வெளிச்சத்துக்காகப் பதித்திருந்த நாலு கண்ணாடிகளையும் அதிகாரி மேடம் சொன்னபடியே மாற்றிவிட்டார். பழைய அளவு, மெல்லிய இரும்பு பிரேம், ஓட்டுக்கு மேலே துருத்தாமல்.

மிச்சம் பின்பக்க மாடி அறையில் ஒன்றே ஒன்று. மழை வந்தால் ஒழுகும்.

"தெருவுல இருந்து பார்த்தா இது தெரியவே தெரியாது. மூடினா யாருக்கு என்ன நஷ்டம்?"

"பார்க்கணும்" என்றார் மேடம். கறார் மேடம் என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்.

மாடி அறைக் கட்டிலில் வீட்டுக்காரரின் அக்கா படுத்திருந்தாள். இடுப்புக்குக் கீழே அசைவில்லை. போர்வை மேல் விழுந்த வெயிலில் கையை நீட்டி வைத்திருந்தாள்.

"வாங்கம்மா."

மேடம் பதில் சொல்லவில்லை. கூரை வேலை பார்க்கும் மேஸ்திரியிடம் ஏணியைப் போடச் சொன்னார். இடைஞ்சலாக இருக்குமோ என்று அக்கா கையை இழுத்துக்கொண்டாள்.

மேடம் ஏறி அளந்துவிட்டு இறங்கினார். "இந்தக் கட்டில் எப்பவும் இங்கேதானா?"

"ஆமா மேடம். அக்காவை உள்ளங்கையில வச்சுத் தாங்குறேன். இதை மூடிட்டு, பெரிய லைட்டா ஒண்ணு போட்டுடறேன்னு சொல்லியிருக்கேன்."

"தம்பிக்கு எது வசதியோ" என்றாள் அக்கா.

மேடம் அவள் பக்கம் திரும்பவே இல்லை. "மூடக் கூடாது. இதே இடம், இதே அளவு, புதுக் கண்ணாடி. ரூல் அப்படி."

மேடம் படியிறங்கியதும், "இவங்களுக்கு மனுஷங்களை விடக் கட்டடம்தான் பெரிசு" என்று வீட்டுக்காரர் மேஸ்திரியிடம் பொரிந்து தள்ளினார். மேஸ்திரிக்கும் மனசு ஆறவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவளை ஒரு வார்த்தை விசாரித்தால் குறைந்தா போய்விடுவார்?

ஆனாலும் மேடத்தின் பின்னாலேயே வாசல் வரை போனார் மேஸ்திரி.

"மேடம், நாளைக்கு உங்களுக்குக் கெட்ட பேரு வந்துடக் கூடாது. அந்த அஞ்சாவது கண்ணாடி அந்தக் காலத்துது இல்ல. பிற்பாடு யாரோ ஓட்டைப் பிரிச்சு வச்சது. உங்க ரூல் அதுக்குச் செல்லாது."

"தெரியும்."

"அப்புறம் எதுக்கு மேடம்?"

"அந்த அறைக்கு வேற ஜன்னல் இல்ல. அந்தம்மாவுக்காக விட்டு வைங்கன்னா, லைட் போடறேன்னுதான் சொல்வார். ரூல்னு சொன்னா மறுபேச்சு கிடையாது."

"அவங்க வாங்கன்னு கூப்பிட்டப்ப ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே மேடம்."

மேடம் கார்க் கதவைத் திறந்தபடி சொன்னார்:

"பேசியிருந்தா, என் குரலே காட்டிக் கொடுத்திருக்கும்."